டர்போ காரில் இக்னிஷன் டைமிங்: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

டர்போ எஞ்சினில் இக்னிஷன் டைமிங், அதாவது கிராங்க் எத்தனை டிகிரியில் இருக்கும்போது பிளக் பொறி விட வேண்டும் என்பது, கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஒரே அளவில் நிற்க வேண்டும், பெட்ரோல் கலவை சரியாக இருக்க வேண்டும், உள்ளே போகும் காற்றின் சூடு கட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தாலும், இன்று நன்றாக ஓடும் டிகிரி நாளை பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். இங்கே சொல்வது பெட்ரோல் டர்போவுக்கு, அதிலும் தனி ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொருத்திய காருக்கு. கம்பெனி ஈசியுவை மாற்றி எழுதுபவர்களுக்கான வேறுபாடுகள் கடைசியில் இருக்கின்றன.

பொறி ஏன் முந்த வேண்டும்

பிளக்கில் பொறி பறந்ததும் கலவை முழுவதும் அப்போதே எரிந்துவிடுவதில்லை. தீ பிளக்கிலிருந்து கிளம்பி சிலிண்டர் ஓரம் வரை பரவ நேரம் பிடிக்கும். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 36 டிகிரி திரும்பிவிடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு, அதாவது டிடிசிக்கு, வரும் முன்பே பொறியைக் கொடுக்கிறோம். சிலிண்டர் அழுத்தத்தின் உச்சம் டிடிசியைத் தாண்டி சுமார் 12 முதல் 16 டிகிரிக்குள் விழுந்தால் அதிக டார்க் கிடைக்கும். அந்த டார்க்கைத் தருகிற மிகக் குறைந்த அட்வான்ஸுக்கு, அதாவது பொறி முந்தும் டிகிரிக்கு, எம்பிடி என்று பெயர்.

டர்போ இல்லாத எஞ்சினில் நல்ல பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் எம்பிடி வரை போய்விடலாம். டர்போவில் பூஸ்ட் ஏறிய பிறகு அது நடக்காது; எம்பிடிக்குப் பல டிகிரி முன்பே நாக்கிங் குறுக்கே நிற்கும். ஆகவே ஒரே டைமிங் மேப்புக்குள் (ஆர்பிஎம்முக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற டிகிரிகளின் அட்டவணை; அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்) இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. வேக்குவம் பக்கத்தில், அதாவது பூஸ்ட் இல்லாத பகுதியில், டார்க்கைப் பார்த்து டியூன் செய்கிறோம். பூஸ்ட் பக்கத்தில் நாக்கிங்கைப் பார்த்து டியூன் செய்கிறோம். இந்த வேறுபாடு பிடிபடாமல் எல்லா செல்லுக்கும் சமமாக 2 டிகிரி ஏற்றுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் எஞ்சினை இழக்கிற வழி.

நாக்கிங் என்பது, பொறியிலிருந்து கிளம்பிய தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாக வெடிப்பது. அந்த அதிர்ச்சி, உலோகத்தைக் காத்துக்கொண்டிருக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. அலுமினியம் நேரடியாகச் சூடு வாங்குகிறது. முதலில் போவது பெரும்பாலும் பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு இடையே உள்ள பகுதி); அடுத்து ஹெட் கேஸ்கெட். பிரி இக்னிஷன் வேறு சங்கதி: பழுத்துச் சிவந்த பிளக் முனையோ கார்பன் துணுக்கோ பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைப்பது. அதற்கு டைமிங்கை ரிட்டார்ட் செய்து, அதாவது தாமதப்படுத்தி, பயனில்லை, ஏனென்றால் பற்றவைப்பது பொறியே இல்லை. பிளக்கை மாற்ற வேண்டும், லோடைக் குறைக்க வேண்டும்.

பயந்துபோய் 6, 8 டிகிரி குறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. பொறி தாமதமானால் எரிதல் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரம் வரை இழுத்துக்கொண்டு போகும். சக்தி டர்பைனுக்குச் சூடாகப் போய்ச் சேரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிவக்கும், வால்வும் டர்பைன் சக்கரமும் அடி வாங்கும். கார் மந்தமாக இருக்கிறது, பூஸ்ட் மட்டும் சட்டென்று ஏறுகிறது, எக்ஸாஸ்ட் சூடு 950 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது என்றால் அட்வான்ஸ் போதவில்லையா என்றும் பாருங்கள்.

லேப்டாப்பைத் திறக்கும் முன்

கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சினை டியூன் செய்யாதீர்கள். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டர்போ சீல் வழியாகவோ பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு விடும் வால்வு) வழியாகவோ வரும் ஆயில் ஆவி கலவையின் ஆக்டேனைக் கீழே இழுக்கும். பிறகு நீங்கள் எவ்வளவு கவனமாக மேப் எழுதினாலும் காரணம் தெரியாத நாக்கிங் வந்துகொண்டே இருக்கும். பூஸ்ட் லீக் இருந்தால் டர்போ தேவைக்கு மேல் சுழன்று காற்றைச் சுடவைக்கும். அதையும் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

பிளக் ஒரு படி கூல் ரேஞ்ச் (சூட்டைச் சீக்கிரம் கடத்தும் வகை) போதும். பூஸ்டைக் கணிசமாக ஏற்றியிருந்தால் இரண்டு படி. என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏற கூல், 6-க்குப் பதில் 7. போஷ் பிளக்கில் இது தலைகீழ், எண் குறையக் குறையத்தான் கூல். கேப் 0.6 முதல் 0.7 மிமீ. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பழைய 1.1 மிமீ கேப்பை அப்படியே விட்டால் முழு பூஸ்டில் மிஸ்ஃபயர் ஆகும். அதைப் பெட்ரோல் குறைவு என்று நினைத்துக் கலவையை இன்னும் ரிச் ஆக்கி, மிஸ்ஃபயரை மோசமாக்குவது அடிக்கடி நடக்கிறது.

காயில் ட்வெல் நேரத்தை, அதாவது பொறிக்கு முன் காயில் சார்ஜ் ஆகும் நேரத்தை, காயில் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி, பேட்டரி வோல்ட்டேஜுக்கு ஏற்ப மாறும்படி போடுங்கள். பல நவீன காயில்களுக்கு 14 வோல்ட்டில் 2 முதல் 3.5 மில்லிசெகண்ட் இருக்கும். குறைந்தால் பொறி பலவீனம், கூடினால் காயில் வெந்துபோகும்.

கலவையை அளக்க எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் கட்டாயம். முழு பூஸ்டில் லாம்டா (1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.78 முதல் 0.82 வரை, அதாவது சாதாரணப் பெட்ரோலில் சுமார் 11.5 முதல் 12 ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்), ஆடாமல் நிற்க வேண்டும். டைமிங் டியூன் செய்துகொண்டிருக்கும்போது கலவையையும் சேர்த்து மாற்றாதீர்கள். டார்க் எதனால் கூடியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பேஸ் டைமிங்: ஈசியு சொல்வதும் எஞ்சின் செய்வதும் ஒன்றா?

திரையில் 15 என்று இருப்பதால் கிராங்கில் 15 என்று ஆகிவிடாது. டிரிக்கர் ஆஃப்செட் (கிராங்க் சென்சார் சிக்னலுக்கும் டிடிசிக்கும் இடையே ஈசியுவில் போடும் கோணம்) 5 டிகிரி பிசகியிருந்தால் மேப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 5 டிகிரி பொய். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு மற்ற அனைத்தையும் ஒழுங்காகச் செய்தாலும் எஞ்சின் பிழைக்காது.

முதலில் கிராங்க் புல்லியில் இருக்கும் டிடிசி குறியை நம்பலாமா என்று பாருங்கள். பழைய டேம்பர் புல்லியில் ரப்பர் வழுக்கி வெளி வளையம் இடம் மாறியிருக்கும். ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். மற்ற பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பி பிஸ்டன் முட்டும் இடத்தில் புல்லியில் குறி போடுங்கள். எதிர்த் திசையில் திருப்பி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுப்புள்ளி உண்மையான டிடிசி. இதற்கு ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

புல்லியில் டிடிசி குறி மட்டும்தான் இருக்கிறது என்றால் 10 டிகிரி குறியை நீங்களே போடலாம். புல்லியின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி 36-ஆல் வகுங்கள். 150 மிமீ புல்லிக்கு அது 13.1 மிமீ. டிடிசி குறியிலிருந்து, புல்லி சுழலும் திசையில் அத்தனை தூரம் முன்னால் வெள்ளைக் கோடு போட்டால் அது டிடிசிக்கு முந்தைய 10 டிகிரி.

இப்போது ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். எல்லா தனி ஈசியுவிலும் இதற்கு ஒரு வசதி உண்டு. டைமிங் லைட்டின் கிளிப்பை ஒன்றாம் சிலிண்டரில் மாட்டுங்கள். பிளக் மேலேயே காயில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினில் காயிலைத் தூக்கி, இடையில் ஒரு ஹைடென்ஷன் வயரைப் போட்டு, அதில் கிளிப்பை மாட்ட வேண்டும். வேஸ்டட் ஸ்பார்க் அமைப்பில் (எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பொறி விடுவது) பொறி இரண்டு மடங்கு பறப்பதால் அட்வான்ஸ் டயல் உள்ள சில லைட்டுகள் தப்பாகக் காட்டும். டயலைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு குறியை மட்டும் பாருங்கள்.

ஐடிலில் 10 சரியாக விழுந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். 3000, 4000 வரை ஏற்றிப் பாருங்கள். குறி அசையாமல் நிற்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏற ஒரு பக்கமாக நகர்ந்தால் ஈசியுவின் தாமத ஈடு அளவு தவறு, அல்லது காந்தவகை கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்கள் மாறியிருக்கின்றன. குறி துள்ளினால் டிரிக்கரில் இரைச்சல். ஷீல்டு வயரையும் சென்சார் இடைவெளியையும் பாருங்கள். 60-2 டிரிக்கர் சக்கரத்தில் (60 பல் இடத்தில் 2 இல்லாதது) ஒரு பல் 6 டிகிரி, 36-1 சக்கரத்தில் 10 டிகிரி. குறி சரியாக அந்த அளவுக்குத் தாவினால் ஈசியு ஒரு பல்லைத் தவறவிடுகிறது என்று அர்த்தம்.

நாக்கிங்கைக் கேட்க ஒரு காது

பூஸ்டில் காதுக்கு எட்டும் அளவு கிணுகிணுப்பு வரும்போது சேதம் தொடங்கியிருக்கும். எக்ஸாஸ்ட் சத்தத்தில் அதுவும் மறைந்துபோகும். ஆகவே பிளாக்கில் நேரடியாகப் பொருத்திய நாக் சென்சாரும், அதன் ஒலியை ஹெட்ஃபோனில் கேட்கும் கருவியும் வேண்டும். போஷ் வகை வளைய சென்சாரை சுத்தமான சமதளத்தில், வாஷர் எதுவும் போடாமல், சுமார் 20 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள். வாஷர் போட்டால் அதிர்வு மங்கும்.

ஃபில்ட்டர் அலைவரிசைக்கு எளிய கணக்கு உண்டு: 1800-ஐ 3.14-ஆலும் போர் அளவாலும், மில்லிமீட்டரில், வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 86 மிமீ போருக்கு சுமார் 6.7. அங்கே இரைச்சல் அதிகமாக இருந்தால் அதன் இரண்டு மடங்கு அலைவரிசையில் முயலுங்கள். பிறகு நாக்கிங் வர வாய்ப்பே இல்லாத குறைந்த டைமிங்கில் எஞ்சினை எல்லா ஆர்பிஎம்மிலும் ஓட்டி, சாதாரண இரைச்சல் எவ்வளவு என்று பதிவு செய்யுங்கள். அதற்கு மேலே எல்லைக்கோடு போடுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற இரைச்சலும் ஏறும் என்பதால் அந்தக் கோடு நேர்கோடாக இருக்காது.

சென்சார் கத்துகிறது, ஆனால் அது நாக்கிங்தானா என்று சந்தேகம் வந்தால் அதே செல்லில் 4 டிகிரி குறைத்து மறுபடி ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் நாக்கிங். அப்படியே இருந்தால் தளர்ந்த பிராக்கெட்டோ, இன்ஜெக்டர் தட்டலோ, பிஸ்டன் தட்டலோ.

தொடக்க மேப்

நெடுக்கில் மேனிஃபோல்டு அழுத்தம், கிலோபாஸ்கலில், முழு அளவாக: 100 என்றால் பூஸ்ட் இல்லை, 200 என்றால் ஏறக்குறைய 1 பார் பூஸ்ட். குறுக்கில் ஆர்பிஎம். கீழே உள்ளவை சிலிண்டருக்கு நான்கு வால்வு, நடுவில் பிளக், 9:1 கம்ப்ரெஷன், 98 ஆர்ஓஎன் (ஆக்டேன் எண்) பெட்ரோல், நல்ல இன்டர்கூலர் உள்ள எஞ்சினுக்கு அடக்கமான தொடக்க எண்கள். இவை டியூன் செய்து முடித்த எண்கள் இல்லை.

ஐடில்: 12 முதல் 16 டிகிரி
40–50 கிலோபாஸ்கல், 2500–3000 ஆர்பிஎம்: 32 முதல் 36
100 கிலோபாஸ்கல்: 2000-ல் 14, 3000-ல் 20, 4500-ல் 23, 6500-ல் 27
150 கிலோபாஸ்கல்: 2500-ல் 9, 3500-ல் 12, 4500-ல் 14, 6500-ல் 19
200 கிலோபாஸ்கல்: 3000-ல் 4, 3500-ல் 5, 4500-ல் 8, 6500-ல் 13

95 ஆர்ஓஎன் என்றால் பூஸ்ட் பகுதியில் இன்னும் 3 டிகிரி குறைத்துத் தொடங்குங்கள். கம்ப்ரெஷன் 10-க்கு மேல் என்றாலும் அப்படியே. எண்களைக் கவனித்தால் ஒரு போக்கு தெரியும்: பூஸ்ட் ஒவ்வொரு 10 கிலோபாஸ்கல் ஏறும்போதும் 1 முதல் 2 டிகிரி இறங்குகிறது. அதே பூஸ்டில் ஆர்பிஎம் ஏற ஏற அட்வான்ஸ் கூடுகிறது. டார்க் உச்சத்தை ஒட்டிய பகுதியில் சிலிண்டர் அதிகமாக நிரம்புகிறது. கலவை தானாக வெடிக்க நேரமும் கிடைக்கிறது. நாக்கிங்குக்கு மிக வாகான இடம் அதுதான். அங்கே மேப்பில் ஒரு பள்ளம் இருப்பது இயல்பு. அழகுக்காக அதை நிரப்பிவிடாதீர்கள். மற்ற இடங்களில் பக்கத்துச் செல்களுக்கு இடையே 4, 5 டிகிரிக்கு மேல் தாவல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேப்பின் கடைசி வரிசை உங்கள் இலக்கு பூஸ்டை விடக் குறைந்தது 30 கிலோபாஸ்கல் மேலே இருக்கட்டும், அதில் அடக்கமான எண் இருக்கட்டும். வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஹோஸ் கழன்று பூஸ்ட் எகிறினால் ஈசியு கடைசி வரிசையின் எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். இலக்குக்கு மேல் 20 கிலோபாஸ்கல் போனாலே எரிபொருளை வெட்டும் ஓவர்பூஸ்ட் வரம்பையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

ஐடிலில் ஒரு சின்னத் தந்திரம்: ஐடில் ஆர்பிஎம்முக்குக் கீழே உள்ள செல்லில் 4 டிகிரி கூட்டியும், மேலே உள்ள செல்லில் 4 டிகிரி குறைத்தும் வைத்தால் எஞ்சின் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

வேக்குவம் பக்கம்

லோடைப் பிடித்து நிறுத்தும் டைனோ (டார்க் அளக்கும் மேடை) இருந்தால் இது பொறுமை மட்டும் கேட்கிற வேலை. 3000 ஆர்பிஎம், 50 கிலோபாஸ்கலில் நிறுத்தி, 2 டிகிரி கூட்டி டார்க்கைப் பாருங்கள். கூடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தட்டையாகும். தட்டையாகத் தொடங்கும் எண்தான் எம்பிடி. அதற்கு 1 டிகிரி முன்பே நிறுத்திவிடுங்கள். டார்க்கில் வித்தியாசம் தெரியாது. சில செல்களை இப்படிக் கண்டுபிடித்துவிட்டு இடையில் உள்ளவற்றைச் சீராக நிரப்பினால் போதும்.

பூஸ்ட் பக்கம்

பூஸ்ட் கன்ட்ரோலைத் துண்டித்து, வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்டில் தொடங்குங்கள். 1:1-க்கு அருகில் உள்ள கியரில், பெரும்பாலும் நான்காவதில், 2500-லிருந்து முழு த்ராட்டில். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கூலன்ட் சூடும் இன்டேக் சூடும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். முதல் ஓட்டம் 25 டிகிரி செல்சியஸ் காற்றிலும் மூன்றாவது 55-லும் நடந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

ஒரு தடவைக்கு 1 டிகிரிதான். பதிவில் நான்கைச் சேர்த்துப் பாருங்கள்: டார்க், நாக் அளவு, லாம்டா, பூஸ்ட். 1 டிகிரிக்கு டார்க் தெளிவாக ஏறினால் இன்னும் இடம் இருக்கிறது. 300 நியூட்டன் மீட்டரில் முதல் டிகிரிக்கு 5 கிடைத்து, அடுத்ததற்கு 1 மட்டும் கிடைத்தால், நாக்கிங் வராவிட்டாலும் அங்கேயே நில்லுங்கள். அந்த 1 நியூட்டன் மீட்டருக்காக சிலிண்டர் அழுத்தத்தை ஏற்றுவது கட்டுப்படியாகாத வியாபாரம். நாக்கிங் முதலில் வந்துவிட்டால், அது வந்த எண்ணிலிருந்து 2 முதல் 3 டிகிரி குறைத்து அதை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் பூஸ்டை 10 முதல் 20 கிலோபாஸ்கல் ஏற்றி இதே வேலையை மீண்டும் செய்ய வேண்டும்.

டைனோ இல்லாமல் செய்வதானால் மூடிய டிராக்கில், லேப்டாப்பை இன்னொருவர் பார்க்க, அதே இடத்தில் அதே கியரில் 3000-லிருந்து 6000 வரை ஆகும் நேரத்தை ஒப்பிடலாம். பொதுச் சாலையில் வேண்டாம். ஓட்டிக்கொண்டே திரை பார்ப்பவர் நாக்கிங்கையும் தவறவிடுவார், எதிரே வருபவரையும் தவறவிடுவார்.

ஒரே சிலிண்டரில் மட்டும் எப்போதும் முதலில் நாக்கிங் வந்தால், மேப் முழுவதையும் குறைக்கும் முன் அந்த இன்ஜெக்டரைச் சோதியுங்கள். இன்ஜெக்டர் நன்றாக இருந்தால் அந்த சிலிண்டருக்கு மட்டும் 1, 2 டிகிரி குறைக்கும் தனித் திருத்தம் போடலாம்.

சூட்டுக்கான திருத்தங்கள்

டைனோவில் விசிறிக்கு முன்னால் நின்று எழுதிய மேப் வெயிலில் நெரிசலில் நின்ற காருக்குப் பொருந்தாது. இன்டேக் காற்று 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் 1 டிகிரி டைமிங் குறையும்படி தொடங்குங்கள், ஆனால் பூஸ்ட் பகுதியில் மட்டும். ஐடிலிலும் குறைத்தால் சூடான கார் சிக்னலில் தள்ளாடும். காற்று சென்சார் இன்டர்கூலருக்குப் பிறகு, சூடேறாத குழாயில் இருக்க வேண்டும். உலோக மேனிஃபோல்டில் இருந்தால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, மேனிஃபோல்டின் சூட்டைச் சொல்லும். கூலன்ட் 100-ஐத் தாண்டும்போது இன்னும் 2, 3 டிகிரி குறையட்டும். நாக் கன்ட்ரோலை, நாக்கிங் வந்ததும் உடனே 2 டிகிரி குறைத்து, மெதுவாகத் திருப்பித் தரும்படி அமையுங்கள். அது அவசரத்துக்கான காவல். ஒவ்வொரு ஓட்டத்திலும் அது வேலை செய்தால் மேப்பில் பிழை இருக்கிறது.

பிளக் சொல்லும் கதை

முழு லோடில் ஓட்டி முடித்ததும் எஞ்சினை உடனே அணைத்து, ஆறியபின் புது பிளக்குகளைக் கழற்றி பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகளோ இருந்தால் சென்சார் என்ன சொன்னாலும் சரி, நாக்கிங் நடந்திருக்கிறது. வளைந்த எலக்ட்ரோடில் நிறம் மாறும் கோடு வளைவின் அருகே இருப்பது நல்லது. கோடு அடிப்பகுதியை நோக்கி இறங்கியிருந்தால் டைமிங் அதிகம், நுனியிலேயே நின்றிருந்தால் குறைவு. நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறுபட்டால் சிக்கல் அந்தச் சிலிண்டரில்தான்.

கம்பெனி ஈசியு என்றால்

இங்கே ஒரு டைமிங் மேப் கிடையாது, பல உண்டு. வால்வு டைமிங், ஆக்டேன் கற்றல், டார்க் வரம்பு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கை வைக்கும். மேப்பில் 2 டிகிரி கூட்டியும் பதிவில் உண்மையான டைமிங் அப்படியே இருந்தால் டார்க் வரம்பு அதைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள். சிலிண்டர் வாரியான டைமிங் திருத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எப்போதாவது 1, 2 டிகிரி குறைவது இயல்பு. ஒரே ஆர்பிஎம்மில் ஓட்டத்துக்கு ஓட்டம் 3-க்கு மேல் குறைந்தால் அங்கே மேப் அதிகம். ஈசியு தானாகக் குறைத்துக்கொள்ளும் என்று அதிக எண்ணை எழுதி வைப்பது சிலருக்குப் பழக்கம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் ஒரு நாக்கிங் நடந்திருக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் 2500 ஆர்பிஎம்முக்குக் கீழே முழு பூஸ்ட் கேட்காதீர்கள். அந்தப் பகுதியில் ஆயில் துளிகளாலும் படிவுகளாலும் வரும் குறைவேக பிரி இக்னிஷன் ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது, டைமிங்கைக் குறைத்தும் அது அடங்காது. பூஸ்ட் இலக்கை ஆர்பிஎம்மோடு படிப்படியாக ஏறும்படி எழுதி, ஏபிஐ எஸ்பி தர ஆயிலைப் பயன்படுத்துங்கள். அந்தத் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மாறினால் அட்வான்ஸுக்கு இடம் கூடும், ஆனால் எரிபொருள் அளவும் கூட வேண்டும், எத்தனால் சதவீதமும் டேங்குக்கு டேங்க் மாறும். எத்தனால் சென்சார் இல்லாமல் அந்த மேப்பைப் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு மேப் கோப்பின் பெயரிலும் பெட்ரோலின் ஆக்டேன், பிளக் ரேஞ்ச், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். 98-க்கு எழுதியதை 95 ஊற்றிய காரில் தெரியாமல் ஏற்றிவிடுவது இப்படித்தான் தடுக்கப்படும்.